மாவுக் கை

பர்மாவின் மாண்டலே நகரமே கதவைச் சாத்திக்கொண்ட அன்று டோ சான் யீயின் டீக்கடை மட்டும் திறந்திருந்தது. ராணுவ ஆட்சிக்கு எதிர்ப்பாக அன்று முழுக்க யாரும் வெளியே வருவதில்லை, நாலு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபடியே கைதட்டுவது என்று ஊர் முழுக்கப் பேச்சு. முந்தின நாளே ராணுவக் கார்ப்பரல் ஒருவன் வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தான்.

"நாளைக்குக் கடையைத் தொறக்கலைன்னா, ஜெயில்ல இருக்கிற உன் புள்ளைக்குச் சோறு கட்டிட்டு வராதே பெரியம்மா. வாங்கிச் சாப்பிட ஆள் இருக்காது."

திறந்தாள். வேறென்ன செய்வாள்? திறந்த பிறகு எதிர்வீட்டு ஜன்னல்களை நிமிர்ந்து பார்க்கத்தான் கூசியது.

ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. சைக்கிள் ரிக்‌ஷா இல்லை, வெற்றிலைக் கடை இல்லை. எதிர் மாடியில் காயும் லுங்கி காற்றில் படபடப்பது கூடக் கேட்டது. துப்பாக்கியை நீட்டி ஊரடங்கு போட்டார்களே, அப்போதுகூட இந்த ஊர் இப்படி அடங்கியதுண்டா? இன்று யாரும் அதட்டவில்லை. தானாக அடங்கியிருக்கிறது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கார்ப்பரல் இரண்டு சிப்பாய்களோடு வந்து உட்கார்ந்தான். பரிமாறுகிறவனைக் கூப்பிட, டீக்கடை வழக்கப்படி உதட்டைக் குவித்து 'ப்ச் ப்ச்' என்று முத்தச் சத்தம் எழுப்பினான். என்றைக்கும் கடை இரைச்சலில் அமுங்கிப்போகிற அந்தச் சத்தம் இன்று தெருக்கோடி வரை போனது. சாத்திய ஜன்னல் ஒன்றுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எங்கே உன் ஆளு?"

"யாருமே வரலை மகனே. நீ யாருக்கு முத்தம் குடுத்தேன்னுதான் தெரியலை."

சிப்பாய் ஒருவன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான். கார்ப்பரலுக்குக் காது சிவந்தது. "வாய் ரொம்ப நீளுது. பலாட்டா போடு, போ."

அவள் பலாட்டாவுக்கு, அதாவது பர்மா பரோட்டாவுக்கு, மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது நாலு மணி ஆயிற்று. எதிர் மாடியில் ஒரு கைத்தட்டல். பக்கத்து வீட்டில் இன்னொன்று. பிறகு தெரு, அடுத்த தெரு, அதற்கும் அப்பால். தகரக் கூரையில் மழை பிடித்தது போல ஊரே தட்டியது. ஒரு முகம் கூடத் தெரியவில்லை. கார்ப்பரல் துப்பாக்கியோடு எழுந்து, எந்த ஜன்னலைக் குறிபார்ப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தான்.

"எவனும் தட்டக் கூடாது! நிறுத்து!"

இத்தனை வீட்டில் இவள் கடை ஒன்றுதான் ஊமையாக நின்றது. தட்டினால் பிள்ளைக்குச் சோறு போகாது. தட்டாவிட்டால், இந்த ஆட்சியை எதிர்த்து உள்ளே போன பிள்ளை வெளியே வரும்போது அவன் முகத்தில் எப்படி விழிப்பது? குனிந்து கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை மாவு.

கைகளை உயர்த்தித் தட்டினாள். வெள்ளையாக மாவுத் தூள் பறந்தது.

"ஏய்!"

"மாவு மகனே. கையைத் தட்டாம பலாட்டா எப்படி வீசுறது? நீதானே கேட்டே."

அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். கையில் மாவு தீர்ந்ததும், மறுபடி மாவு டப்பாவுக்குள் இரண்டு கையையும் விட்டாள்.