தெபோத் கோயில் நீரில் ஏழாம் நாள்

ஸ்பெயினின் மத்ரித்தில் தன் தெருவே அறிந்த வாயாடி எலாடியா. ஆனால் மூன்று நாளாக அவளுக்குப் பேச்சு எழவில்லை. எகிப்தின் அஸ்வானிலிருந்து வந்திருந்த சம்பந்தி நபாவியா, ஏழு மாதக் கர்ப்பிணியான தன் மகள் அமலைப் பிரசவத்துக்கு ஊருக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டாள். பிள்ளை பிறந்த ஏழாம் நாள் நைல் நதியில் முகம் கழுவி, ஆற்றுக்கு இனிப்புப் போட வேண்டுமாம். நைல் கரை நூபியர் வழக்கம்.

எலாடியாவுக்கு ஒரே மகன். அவன் பிள்ளையின் முகத்தை முதன்முதலில் போனில்தான் பார்க்க வேண்டுமா என்று இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தாள்.

மகன்தான் சம்பந்திகள் இருவரையும் பூங்காவுக்குக் கிளப்பிவிட்டான். போகும் வழியில் எலாடியாவுக்கு இன்னொரு உதறல். அங்கே நிற்கும் தெபோத் கோயில் நபாவியாவின் ஊர்ப்பக்கத்துக் கோயில். நைலில் அணை கட்டியபோது, மூழ்காமல் காக்கக் கல் கல்லாகப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்தது. திருடர்கள் என்று நினைத்துவிட்டால்?

நபாவியா கோயிலையும் அதைச் சுற்றிய நீரையும் வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கம்மா இந்தக் கோயில் நெழல்லதான் ஆட்டக் கட்டுவாங்களாம்." கடைத்தெருவில் சுற்றுலாக்காரர்களுக்குக் கூடை விற்றுக் கற்ற ஸ்பானிஷ் அது.

"நாங்க எடுக்கல சம்பந்தி, உங்க சர்க்கார்தான் குடுத்துச்சு," எலாடியா முந்திக்கொண்டாள்.

"யாரு எடுத்தான்னு நான் கேட்டேனா? எங்க வீடு, தோப்பு எல்லாம் தண்ணிக்கடியில கெடக்கு. இது ஒண்ணாவது வெயில்ல நிக்குதே. நீங்கல்லாம் நல்லா இருக்கணும்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து இரண்டு பேரீச்சம்பழம் எடுத்து நீரில் போட்டாள். காவலாளி ஓடிவந்தான்.

"அம்மா, தண்ணில ஒண்ணும் போடக்கூடாது!"

எலாடியாவுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

"கோயிலுக்குச் சொந்தக்காரங்க வந்திருக்காங்க, நடுவுல நீ யாருய்யா? போன வாரம் இதுல நாய் குளிச்சப்போ எங்க போயிருந்தே?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டு நடையைக் கட்டினான். நபாவியா விழுந்து விழுந்து சிரித்தாள். வந்த நாளாக அவள் சிரித்து எலாடியா பார்த்ததில்லை.

"ஆத்துக்குப் போடறதாச்சே? இது வெறும் பைப் தண்ணி," என்றாள் எலாடியா தயங்கித் தயங்கி.

"அணைக்காக எங்களக் கொண்டுபோய் எறக்கிவிட்ட எடத்துல ஆறு ஏது? என் தம்பி பொறந்தப்போ வாய்க்கால்லதான் செஞ்சாங்க. குத்துக்கல்லாட்டம் இருக்கான்."

அப்படியானால் பேரப்பிள்ளைக்கும் இங்கேயே செய்யலாமே என்று எலாடியாவுக்குத் தோன்றியது. கேட்கப் பயந்து நின்றாள். நபாவியாவே சொன்னாள்.

"அமல் இங்கயே பெத்துக்கட்டும். நானும் அதுவரைக்கும் இருக்கேன். ஏழாம் நாளு இங்க வெச்சுக்கலாம். காவக்காரன நீங்க பாத்துக்குங்க."

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வாதங்கள் ஒன்றும் எலாடியாவுக்கு நினைவில்லை. சம்பந்தியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு நன்றி அவளுக்கு ஒருத்தரிடமும் தோன்றியதில்லை.

"எனக்காகப் புள்ளைய விட்டுக்குடுத்துட்டீங்களே!"

"நாங்க ஊரையே விட்டுட்டு வந்தவங்க, புள்ளைய விடுவேனா? ரெண்டு பேரும் சேந்து தூக்குவோம். மொதல்ல கண்ணத் தொடைங்க சம்பந்தி."