‘சார்ஜ்’ வரப்போகுதாம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு டயாலிசிஸ் வேன் லோரோங் சந்துக்குள் திரும்பியபோது, அமலம்மாள் தன் கணவர் ரேமண்டுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். ஒற்றைச் சப்பாத்துதான். வலது காலை முழங்காலுக்குக் கீழே இனிப்பு நீர் வியாதி கொண்டுபோய் நான்கு வருடம் ஆகிறது. கிட்னி இரண்டும் கைவிட்டு இரண்டு வருடம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று முறை போய், நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் மனிதர் அடுத்த இரண்டு நாள் மூச்சு விட முடியும். ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். தாமதமாகப் போனாலும் ஆபத்துதான். அடுத்த ஆள் காத்திருப்பார், நான்கு மணி நேரம் மூன்றாகிவிடும்.

ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகள் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடைபாதை, அதை ஒட்டி லோங்காங் என்கிற சாக்கடை, அதற்கப்புறம் நேரே ரோடு. காரை நிறுத்த வாசல் என்று தனியாக ஒன்றும் கிடையாது. அஞ்சடியிலாவது நேராகப் போய்விடலாமா என்றால் அதுவும் முடியாது. வீட்டுக்கு வீடு ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும், நடுவில் மோட்டார் சைக்கிளும் பூந்தொட்டியும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் மாதா கோவில் ஆட்கள் சேர்ந்து, ரேமண்ட் வீட்டு வாசலில் லோங்காங்கின் மேலே ஒரு சிமெண்டுச் சரிவு கட்டிக் கொடுத்திருந்தார்கள். வேன் பின்னால் வந்து நிற்கும். தூக்குத் தட்டு இறங்கும். சக்கர நாற்காலி சரிவில் உருண்டு தட்டில் ஏறும். மொத்தம் மூன்று நிமிட வேலை. அந்த லோரோங்கில் யாரும் அந்த இடத்தில் கார் போடமாட்டார்கள். போர்டு எதுவும் வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது சரியாக அந்தச் சரிவின் அடியில் ரோட்டில் ஒரு கட்டம் பச்சைப் பெயிண்டில் பளபளக்கிறது. பக்கத்தில் போன வாரம் நட்ட, ஆள் உயரத்துக்கு ஒரு கம்பம். கரண்டில் ஓடும் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பம். கட்டத்தில் ஒரு வெள்ளைக் கார். கம்பத்திலிருந்து காருக்கு, சரிவைக் குறுக்கே மறித்துக்கொண்டு, கைத்தடி கனத்துக்குக் கறுப்புக் கேபிள். கம்பத்தின் கண்ணாடியில் நூறு என்ற எண் மின்னிக்கொண்டிருந்தது. அதாவது சார்ஜ் ஏறி முடிந்து எத்தனையோ நேரமாகிவிட்டது. கார்க்காரரைக் காணோம்.

“மக்சிக், இன்னிக்கும் இப்படியா?” வேன் ஓட்டும் இக்மல் இறங்கி வந்து தலையைச் சொறிந்தான். மலாய்க்காரப் பையன்தான், ஆனால் இந்த லோரோங்குக்கு வந்து வந்து தமிழ் பழகிவிட்டான்; அமலம்மாளை மட்டும் அத்தை என்று மலாயில் மக்சிக் என்பான். “இது குகன் அண்ணே கெரேத்தாதானே?”

குகன் காரேதான். மூன்று வீடு தள்ளி இருக்கிறான். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இரவு ஷிப்ட் முடித்து வந்து, காரைக் கம்பத்தில் மாட்டிவிட்டு, கைப்பேசியை அணைத்துவிட்டு, ஏர்கோனைப் போட்டுப் படுத்துவிடுவான். அமலம்மாள் போய்க் கதவை இடி இடியென்று இடித்தாள். அவன் மனைவி பிரமிளா வேலைக்குப் போயிருந்தாள். உள்ளே ஏர்கோன் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

மணி ஒன்பதரை. “நேரமாகுது. இடுக்கு வழியாப் போயிரலாம், வா” என்றார் ரேமண்ட். காருக்கும் கம்பத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கண்ணால் அளந்து, இக்மல் முன்னால் பிடிக்க, அமலம்மாள் பின்னால் பிடிக்க, நாற்காலியை இறக்கினார்கள். கேபிளை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தள்ளினாள். அறுபது வயதுப் பெண்பிள்ளைக்கு எத்தனை கை இருக்கிறது? கேபிள் நழுவியது. முன்சக்கரம் அதில் சிக்கியது. நாற்காலி ஒருபக்கமாகக் கவிழ்ந்து, ரேமண்ட் இடது கை அடியில் மாட்ட, ரோட்டில் விழுந்தார்.

இடது கை! டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்கென்றே அறுவை செய்து நரம்பைத் தயார் பண்ணி வைத்திருந்த கை. அது கண்ணெதிரே வீங்கிக்கொண்டு வந்தது. அன்றைக்கு டயாலிசிஸ் நடக்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் நுரையீரலில் நீர் ஏறி, ஆஸ்பத்திரியில் கழுத்தில் குழாய் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். பிழைப்பாரா என்று அமலம்மாள் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார்.

இந்தக் கம்பம் அங்கே எப்படி முளைத்தது என்று கேட்டால், வயிறு எரிகிறது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நான்கு பக்கம், மலாயும் ஆங்கிலமும். லோரோங்கில் கார் சார்ஜ் ஏற்றும் இடம் அமைக்கப்போகிறோம், குடியிருப்போருக்கு ஆட்சேபம் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் சொல்லுங்கள் என்று விவரம். குடியிருப்போர் குழுவுக்குச் செயலாளர் யார்? குகன். படித்தவன், விவரம் தெரிந்தவன் என்று ஊரே தேர்ந்தெடுத்து வைத்த ஆள். அவன் அந்த நான்கு பக்கத்தையும் வரி விடாமல் படித்தான். ஏனென்றால் அதே மாதம்தான் அவன் ஒரு கரண்டுக் காருக்கு முன்பதிவு செய்திருந்தான். படித்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு போட்டான்.

“எல்லாருக்கும் வணக்கம். நம்ம லோரோங்குல சார்ஜ் போடப் போறாங்க. ஒரே ஒரு கார் நிக்கிற எடத்துக்குத்தான். சும்மா ஃபார்மாலிட்டி லா, வீட்டுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க.”

இருபது வருடமாகக் கார் நிறுத்தக் காசு கட்டிப் பழகிய ஜனங்களுக்குச் சார்ஜ் என்றால் என்ன? பார்க்கிங் காசு. வேறென்ன தோன்றும்? பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற சந்திரசேகரன் குழுவிலேயே வெள்ளந்தியாகக் கேட்டார்: “தம்பி, மணிக்கு எவ்வளவு சார்ஜ் போடுவாங்க?”

குகன் அதைப் படித்தான். இவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று அந்த நிமிடமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணே, காசு இல்லை, கரண்டு என்று நாலு சொல் தட்டியிருந்தால் போதும். தட்டவில்லை. ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினான். அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் அல்லவா! இருபத்து மூன்று வீட்டுக் கையெழுத்தும் இரண்டே நாளில் வந்து சேர்ந்தது. அதில் அமலம்மாளின் கையெழுத்தும் ஒன்று.

இத்தனைக்கும் அவன் வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே இரண்டு கம்பம் இருக்கிறது. அங்கே வரிசையில் காத்திருக்க வேண்டும், அதுதான் அவனுக்குக் கஷ்டம். ஒருவனுடைய அரை மணி நேரச் சோம்பலுக்கு இன்னொருவன் உயிரையா விலை கேட்பது?

ரேமண்ட் விழுந்து நான்கு நாள் கழித்து, சனிக்கிழமை சாயங்காலம், சந்திரசேகரன் வீட்டு அஞ்சடியில் கூட்டம் கூடியது. கம்பெனியிலிருந்து நஜ்வா என்ற இளம் பெண் ஃபைலும் கையுமாக வந்திருந்தாள். வரைபடத்தை விரித்துக் காட்டினாள். அதில் லோங்காங் இருந்தது, விளக்குக் கம்பம் இருந்தது, முந்தைய வருடமே வெட்டிப்போட்ட செம்மரம்கூட இருந்தது. சரிவு மட்டும் இல்லை.

“செத்துப்போன மரம் இருக்கு, உயிரோட இருக்கிற மனுசன் போற வழி இல்லையா?” என்று சந்திரசேகரன் கத்தினார். “நேர்ல வந்து பாத்துட்டுத்தான் வரைஞ்சீங்களா, இல்ல ஆபீஸ்ல காப்பி குடிச்சிக்கிட்டே வரைஞ்சீங்களா?”

அதை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. நஜ்வாவின் முகம் சுருங்கிவிட்டது. பழைய வரைபடத்தைத்தான் பயன்படுத்தினோம், அது எங்கள் தவறு என்று மலாயில் ஒப்புக்கொண்டாள். “ஆனால் உங்கள் எல்லாரிடமும் கேட்டோமே? ஒருவர்கூட ஆட்சேபம் சொல்லவில்லை” என்று கையெழுத்துத் தாளை எடுத்து வைத்தாள்.

தாள் கைமாறிக் கைமாறிப் போயிற்று. அவரவர் கையெழுத்தை அவரவர் பார்த்தார்கள். “இது பார்க்கிங் சார்ஜுக்குல்ல போட்டோம்?” என்று யாரோ சொன்னதும் எல்லாக் கண்ணும் குகன் பக்கம் திரும்பியது. சந்திரசேகரன் கைப்பேசியை எடுத்தார். நம்ம லோரோங்குல சார்ஜ் போடப் போறாங்க என்று குகனின் குரல் அத்தனை பேர் நடுவில் ஒலித்தது.

“நான் சார்ஜுன்னுதானே சொன்னேன்?” குகன் எழுந்தான். “பொய் ஒண்ணும் சொல்லலையே! நீங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டா நான் என்னண்ணே பண்றது?”

“நான் மணிக்கு எவ்வளவுன்னு கேட்டேனே, அப்ப என்ன பண்ணே? கட்டைவிரல காட்டினே!”

“அது… பிசியா இருந்தேன். கவனிக்கல.”

அந்த நேரத்தில்தான் பிரமிளா வாயைத் திறந்தாள். பத்து வருடத்தில் பொது இடத்தில் புருசனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

“கவனிச்சீங்க. என்கிட்ட காட்டிச் சிரிச்சீங்க. ‘எல்லாம் பார்க்கிங் காசுன்னு நெனச்சிட்டாங்க, நல்லதாப் போச்சு’ன்னு சொன்னீங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்.”

குகன் உட்கார்ந்தான். கையால் முகத்தை மூடிக்கொண்டான். அத்தனை நாளும் பொய் சொல்லவில்லை, பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லித் தெம்பாக இருந்தவன், தன் வீட்டு ஆளே எல்லார் முன்னாலும் போட்டு உடைத்ததும் கூனிப்போனான். பிறகு நஜ்வாவைப் பார்த்து மலாயில் சொன்னான்: “இந்தக் கையெழுத்து செல்லாது. இவங்களுக்குப் புரியாதுன்னு தெரிஞ்சே வாங்கினேன். அப்படியே எழுதிக்குங்க, நான் ஒப்பம் போடறேன்.”

நஜ்வா மறுநாளே கம்பத்தின் கரண்டைத் துண்டித்து, கட்டத்தில் தடுப்பு வைக்கச் செய்தாள். லோரோங் முனையில், யாருடைய வாசலும் இல்லாத சுவரோரத்துக்குக் கம்பத்தை மாற்றலாம், ஆனால் புதிதாகச் சம்மதம் வாங்கி வாருங்கள் என்றாள். குகன் தானே வாங்குவதாகச் சொன்னான். செயலாளர் பதவியை விட்டுவிட்டான். குரல்பதிவு எதுவும் போடவில்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினான். சிலர் திட்டினார்கள், சிலர் உட்காரச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

கடைசியாக ரேமண்ட் வீட்டுக்குப் போனான். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அவர் அன்றைக்குத்தான் வீடு திரும்பியிருந்தார். கழுத்தில் குழாயோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். இடது கை இனி ஊசிக்கு ஆகாது, வலது கையில் புதிதாக அறுவை செய்யவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

“அண்ணே… மன்னிச்சிருங்க” என்றான் குகன் வாசலிலேயே நின்றுகொண்டு.

ரேமண்ட் உள்ளே வா என்று கையை அசைத்தார்.

அமலம்மாள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “படி.”

“அக்கா?”

“முழுசாப் படி தம்பி. தமிழ்ல சொல்லு. ஒரு வரி விடாம.”

குகன் படித்தான். ஒவ்வொரு வரிக்கும் அவள் நிறுத்திக் கேட்டாள். கம்பம் எந்தச் சுவரோரம்? கேபிள் எவ்வளவு தூரம் வரும்? சார்ஜ் முடிஞ்ச பிறகும் காரை எடுக்கலேன்னா யாரைக் கூப்பிடணும்? அவனுக்குத் தெரியாததைத் தெரியாது என்றான். அங்கேயே நின்று நஜ்வாவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னான். படித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்கப்புறம்தான் அவள் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

“கரண்டு கார் வேணாம்னு இங்க யாரும் சொல்லல தம்பி. புகையில்லாம ஓடுனா எங்களுக்கும் நல்லதுதான். ஆனா நல்லதுன்னு சொல்லிக்கிட்டு வர்றவங்க, அந்த எடத்துல நடக்கிறவன்கிட்டயும் உருண்டு போறவன்கிட்டயும் மொதல்ல கேக்கணும். அவங்களுக்குப் புரியற மாதிரி கேக்கணும்.” கையெழுத்துப் போட்டுத் தாளை அவன் கையில் கொடுத்தாள். “ஆளுக்குப் புரியலேன்னு தெரிஞ்சும் வாங்குற சம்மதம் சம்மதமே இல்ல குகன், அது திருட்டு.”