பனி பார்க்கப் போக வாங்கிய வேன்

மனைவி நாகவல்லி நாற்பது வருஷமாகப் பனி பார்க்க ஆசைப்பட்டதால், ஓய்வுபெற்ற தணிகாசலம் வேன் வாங்கி, அதிலேயே சமைத்துத் தங்கும்படி மாற்றத் திருமழிசைப் பட்டறையில் விட்டார்.

“கேஸ் அடுப்பு மட்டும் போதும் அண்ணாத்தே, ஹீட்டர் வாணாம். கம்பளி வாங்கிக்க,” என்றான் ஃபிட்டர் ஜெபா. தணிகாசலம் பிடிவாதமாக இரண்டையும் வைத்தார். “அப்போ பத்த வச்சா ஜன்னலைத் தொறந்து வை, இல்லாங்காட்டி மூச்சு முட்டும்,” என்றான் ஜெபா.

வேனும் வீடுதானே என்று பால் காய்ச்சினார்கள். சித்திரை வெயில் பூந்தமல்லியையே வறுத்துக்கொண்டிருந்தது. காற்றில் அடுப்புச் சுடர் அணைந்தால் அபசகுனம் என்று ஜன்னல்களைச் சாத்திய தணிகாசலம், நல்ல நாளாயிற்றே என்று ஹீட்டரையும் பற்றவைத்தார். எமனே ஏறியிருந்தாலும் வேர்த்துக் கொட்டி இறங்கியிருப்பான். பால் பொங்குமுன் நாகவல்லி மயங்கி விழுந்தாள்.

வெளியே தூக்கி வந்து தெளிவித்ததும் மெல்லச் சொன்னாள்: “இனிமே இந்த வண்டில ஏற மாட்டேன். நீயே பாத்துகினு வா.”

அவள் இல்லாமல் பனியில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.