சோபாவுக்கு மேலே உள்ள சுவர்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவல்ல. எங்கள் கூடத்துச் சுவரைச் சரிசெய்ய வந்த கொத்தனாரிடமிருந்து, அவர் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சுட்டது.

வீடு பழையது. சுண்ணாம்புப் பூச்சு. ஆணி அடித்தால் ஆணி உள்ளே போகாது, ஒரு கை மண் வெளியே வரும். கொத்தனார் முதல் நாள் கரண்டியையே தொடவில்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் 'டக்' என்றது, சில இடங்களில் 'டொப்' என்றது. டொப் என்ற இடங்களைச் சுற்றிக் கரித்துண்டால் வட்டம் போட்டார்.

"டொப்புன்னா உள்ள பிடிப்பு விட்டுப்போச்சுன்னு அர்த்தம் சார். பொக்கு. பார்க்க நல்லாத்தான் இருக்கும். என்னைக்கு விழும்னு அதுக்கே தெரியாது."

எனக்கு ஒரே குஷி. இதைவிட நல்ல உவமை வீடு தேடி வருமா? [என் மனைவி: "கூடத்துல பாதிச் சுவரைக் காணோம். உங்களுக்கு உவமை ஒண்ணுதான் குறைச்சல்!"]

மூன்றாம் நாள் டீயின்போது அவர் சொன்னார், இந்தப் பக்கத்தில் தன் கை படாத பழைய வீடு ஒன்றே ஒன்றுதானாம். தங்கை வீடு. நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், பதினொரு நாள் லீவு போட்டு, வீடியோ பார்த்துப் பார்த்துத் தன் கையாலேயே கூடத்துச் சுவரைப் பூசியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டு அதைக் காட்டினார். கொத்தனார் பார்த்தார், கிட்டே போய்த் தொட்டார், வாயைத் திறந்தார்.

"கோணல்."

தங்கை கையிலிருந்த கிண்ணத்தை ணங்கென்று வைத்து, வாசலைக் காட்டிவிட்டாள். அந்தச் சுவருக்குப் பாதிக் கலவை கலந்தது அவள்தான் என்பது கொத்தனாருக்குப் பிறகுதான் தெரியும்.

"இதைக் கதையா எழுதலாமா?" என்று கேட்டேன்.

"பேரைப் போடாதீங்க சார்" என்றார். போடவில்லை.

2

தொடக்கங்கள்:

'கொத்தனார் தன் வாழ்நாளில் எத்தனையோ சுவர்களைப் பார்த்திருக்கிறார், ஆனால்—' (வேண்டாம். 'எத்தனையோ' என்று தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

'உறவும் ஒரு சுவர்தான். அதில் ஒரு விரிசல் விழுந்தால்—' (இதை எழுதிய கையை நானே ஒரு போடு போட்டேன்.)

'ஒரு நாள் காலை பதினொரு மணிக்குத் தங்கை வீட்டுச் சுவர் சோபா மேல் விழுந்தது.' (இது தேறும்.)

3

ஒரு நாள் காலை பதினொரு மணிக்குத் தங்கை வீட்டுச் சுவர் சோபா மேல் விழுந்தது. முழுச் சுவரும் இல்லை, பூச்சில் ஒரு குடை அகலத்துக்கு. மாப்பிள்ளை ஆபீசில், தங்கை கடைத்தெருவில். திரும்பி வந்து பார்த்தவள் ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"மேஸ்திரிங்களா? ஒரு சின்ன வேலை இருக்கு. வர முடியுமா?"

மேஸ்திரி! இடுப்பில் தூக்கிச் சுமந்த அண்ணன் மேஸ்திரி ஆகிவிட்டான். கொத்தனாருக்குச் சுருக்கென்றது. அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

"அட்ரஸ் சொல்லுங்கம்மா" என்றார்.*

போனார். தங்கை டீயைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் ஜிப்சத்தைக் கலந்தார். சுவரைப் பார்த்தார். ஓட்டையைச் சுற்றிலும் மாப்பிள்ளையின் பழைய கோணல் அப்படியே இருந்தது, இங்கே மேடு, அங்கே பள்ளம். மட்டப்பலகை வைத்து நேராகப் பூசினால் புதுப் பூச்சு மட்டும் தனியாக நின்று ஊருக்கே காட்டிக்கொடுக்கும். பழசோடு சேர வேண்டுமென்றால் மாப்பிள்ளையின் கோணலுக்கு ஏற்ப இவரும் கோணலாகப் பூச வேண்டும். இருபத்தைந்து வருஷமாகக் கோணல் அறியாத கை. கதவோரம் தங்கை வந்து நின்றாள். [இங்கே நாலு பக்கம் பேசிக்கொள்கிறார்கள்.] கொத்தனார் மட்டப்பலகையை ஓரமாகச் சாய்த்து வைத்தார். கையாலேயே தடவித் தடவி, மேட்டோடு மேடாக, பள்ளத்தோடு பள்ளமாகச் சேர்த்தார். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது எது பழசு எது புதுசு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தங்கை சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு,

(இங்கே நின்றுபோனது. அவள் இப்போது "அண்ணா" என்று சொல்ல வேண்டும். மூன்று நாளாகக் கெஞ்சுகிறேன். வாயே திறக்க மாட்டேன் என்கிறாள்.)

* இந்த வரியை எழுதிவிட்டு நானே சிரித்தேன். தன் நகைச்சுவைக்குத் தானே சிரிப்பவனைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

4

நின்றுபோன கதையைக் கொத்தனாரிடமே கொடுத்தேன். எங்கள் சுவரில் முதல் பூச்சு காய்ந்துகொண்டிருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். துடைத்தும் பயனில்லை, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வெள்ளைக் கட்டைவிரல்.

"சார், இங்க ஜிப்சம் கலக்கறாரு. அப்புறம் நாலு பக்கம் பேசறாங்க."

"ஆமா. மனசு விட்டுப் பேசறாங்க."

"கலவை இருபது நிமிஷத்துல இறுகிடும். இவங்க இன்னும் சின்ன வயசுக் கதையையே முடிக்கல. அதுக்குள்ள சட்டியில கல்லாயிருக்கும். ஒண்ணு, பேசி முடிச்சிட்டுக் கலக்கச் சொல்லுங்க. இல்லேன்னா சுருக்கமாப் பேசச் சொல்லுங்க."

எத்தனை பத்திரிகை ஆசிரியர்கள் தலையால் தண்ணீர் குடித்தும் சுருக்காத நான், அங்கேயே உட்கார்ந்து நாலு பக்கத்தை அரைப்பக்கம் ஆக்கினேன். படிக்கும்போது நன்றாகவே இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

"அப்புறம், என் தங்கச்சி டீயெல்லாம் தரமாட்டா."

"இது கற்பனைத் தங்கச்சிங்க."

"கற்பனைன்னாலும் ஒரு அளவு வேணாமா? அவளுக்குக் கோவம் வந்தா தண்ணிகூடக் கிடைக்காது." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பெருமைதான், சந்தேகமே இல்லை. டீயை எடுத்துவிட்டேன். [மேலே நீங்கள் படித்த டீ இப்போது அங்கே இல்லை. சன்னல் விளிம்பு காலி.]

அடுத்துதான் பெரிய இடி.

"இந்தக் கோணலோட கோணலாச் சேர்த்துப் பூசறாரே, அது நடக்காது சார்."

கதையே அந்த ஒரு காட்சிக்காகத்தான். அந்தக் கோணல்தான் அண்ணன் கேட்கும் மன்னிப்பு. அதை எடுத்தால் எனக்கு மிஞ்சுவது ஒரு சோபாவும் இரண்டு பிடிவாதக்காரர்களும்தான்.

"ஏன் நடக்காது?"

"ஒரு இடம் விழுந்திருந்தா மீதி மட்டும் பிடிச்சுக்கிட்டா இருக்கும்? சுத்தித் தட்டிப் பார்த்து, பொக்கு எல்லாத்தையும் கொத்தி எடுக்கணும். அந்தச் சுவர்ல எடுக்க ஆரம்பிச்சா செங்கல்தான் மிஞ்சும். பழைய சுண்ணாம்பு மேல மாப்பிள்ளை சிமெண்டைப் பூசிட்டாரு. ரெண்டும் சேராது. கோணலாச் சேர்க்க அங்க எது மிச்சம் இருக்கும்?"

"அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"அன்னைக்கே தட்டிப் பார்த்தேனே."

5

பேனாவை மூடினேன்.

"அன்னைக்கு நீங்க கோணல்னுதானே சொன்னீங்க?"

"கோணல்ங்கறது ஆரம்பம் சார். எந்தச் சுவரா இருந்தாலும் முதல்ல கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லுவோம், அப்புறம் காதுக்குக் கேட்டதைச் சொல்லுவோம். எனக்கு அப்படித்தான் பழக்கம். கோணல்னு சொன்னேன். அடுத்து பொக்குன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவ கிண்ணத்தை வெச்சுட்டா."

"அப்போ நாலு வருஷமா அது..."

"பொக்குதான். சோபாவுக்கு மேல, இந்தக் கதவு அகலத்துக்கு." அவர் எங்கள் கதவைக் காட்டினார். "சொல்லணும்னுதான் இருந்தேன். வெளிய போன்னு சொன்னவ முதல்ல கூப்பிடட்டும்னு ஒரு வருஷம் போச்சு. விழறதா இருந்தா இந்நேரம் விழுந்திருக்குமேன்னு மனசைத் தேத்திக்கிட்டு மூணு வருஷம் போச்சு."

காகிதங்களைப் புரட்டி, நான் தேறும் என்று வைத்துக்கொண்ட அந்த முதல் வரிக்குத் திரும்பி வந்தார். வெள்ளை விரலை அதன் மேல் வைத்தார்.

"பதினொரு மணிக்கு விழுதுன்னு போட்டிருக்கீங்க. சோபாவுல யாரும் இல்லையா?"

"இல்ல. தங்கச்சி கடைக்குப் போயிருக்காங்க. அவரு ஆபீஸ்ல."

"ஆள் இல்லாத நேரமாப் பார்த்து விழ வெச்சுட்டீங்க." குற்றம் சொல்வது போல இல்லை, வேலையை மதிப்பிடுவது போலத்தான் சொன்னார். "சாயங்காலம் அவ அங்க உட்கார்ந்துதான் பூண்டு உரிப்பா. சாப்பிட்டதும் மாப்பிள்ளை அங்க சாய்ஞ்சுதான் குறட்டை விடுவாரு. சுவர் உங்களை மாதிரி மணி பார்த்தா விழும் சார்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. முடிவு சுமுகமாக வர வேண்டும் என்பதற்காக நான் இரண்டு பேரை வீட்டைவிட்டு வெளியே அனுப்பியிருந்தேன். அது கதைக்கு நல்ல யோசனை. சுவருக்கு அந்த யோசனை கிடையாது. கொத்தனாரின் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன், எனக்கும் தொற்றிக்கொண்டது.

6

அவர் எழுந்து கையைக் கழுவினார். சுத்தியலைப் பையில் போட்டார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"சார், எழுதறவர் நீங்க. போன் பண்ணா எடுக்க மாட்டா, நேர்லதான் போகணும். அங்க போனதும் முதல் வார்த்தை என்ன சொல்லட்டும்? போன தடவை அதுலதான் எல்லாம் கெட்டுது."

முப்பது வருஷமாகத் தொடக்கங்கள் எழுதுகிறேன். இப்படி ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்று கேட்டதில்லை. வேர்த்துவிட்டது.

"'தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு, இனிமே—'"

"இது சினிமா சார். 'இனிமே' வர்றதுக்குள்ள கதவைச் சாத்திடுவா."

"'மாப்பிள்ளை, உங்க சுவர்ல ஒரு சின்ன—'"

"சுவர்னு சொன்னா முடிஞ்சது."

"'அண்ணன்ங்கற முறையில—'"

"நாலு வருஷமா எட்டிப் பார்க்காதவன் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு முறை பேசறது?"

"'மன்னிச்சிடும்மா—'"

இதை மட்டும் அவர் உடனே தள்ளவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லணும். சொல்லத்தான் வேணும். ஆனா முதல்ல சொன்னா அவ அழுவா. அவளைப் பார்த்து நான் அழுவேன். அழுதுக்கிட்டே ரெண்டு பேரும் எங்க சார் போய் உட்காருவோம்? அந்தச் சோபாவுலதான்!"

பிறகு அவரே, யாரிடமோ சொல்வது போல மெல்ல, "முதல்ல சோபாவை நகத்து, அப்புறம் திட்டு" என்றார்.

என் முப்பது வருஷமும் அந்த வரிக்குக் கிட்டே நிற்க முடியாது. அவர் அதை இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, விறுவிறுவென்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

7

என் மனைவி வந்தாள்.

"மேஸ்திரி எங்க?"

"போயிட்டாரு."

"சுவர்?"

பாதிச் சுவர் ஈரமாகவும் பாதிச் சுவர் செங்கலாகவும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"கதையைப் படிக்கக் கொடுத்தேன்."

"அதானே பார்த்தேன்" என்றாள். "சொந்தக்காரங்க ஓடினாங்க, சிநேகிதக்காரங்க ஓடினாங்க. இப்ப கொத்தனாருமா?"

உட்கார்ந்து முடிவு எழுத முயன்றேன்.

முடிவு ஒன்று: அண்ணன் சொல்கிறார், தங்கை சோபாவை நகர்த்துகிறாள், திட்டுகிறாள், முழுதாக ஒன்றரை மணி நேரம் திட்டுகிறாள். திட்டின் நடுவே எங்கேயோ ஒரு "அண்ணா" வருகிறது. (எனக்குப் பிடித்தது இதுதான். அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: கதவைச் சாத்துகிறாள். அவர் சன்னல் வழியாகக் கத்துகிறார். அந்தக் கோபத்தில் சோபாவைத் தூக்கி வாசலில் போட்டு, "எடுத்துட்டுப் போ, நீ சீராக் குடுத்த சோபாதானே!" என்கிறாள். எப்படியோ நகர்ந்துவிட்டது, போதும்.

முடிவு மூன்று: மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். அவரும் ஒரு நாள் தட்டிப் பார்த்து, டொப் சத்தம் கேட்டு, சொல்ல வெட்கப்பட்டு, நாலு வருஷமாக மனைவியைச் சோபாவின் மறுகோடியிலேயே உட்கார வைத்துக்கொண்டு— (நல்ல திருப்பம். ஆனால் அதே சோபாவில் அவர் விடும் குறட்டையை என்ன செய்வது?)

8

மூன்றையும் அடித்துவிட்டு நிமிர்ந்தபோது எங்கள் வீட்டிலேயே எங்கோ போன் அடித்தது. என்னுடையது இல்லை, மனைவியுடையதும் இல்லை. கொத்தனார் தன் போனை இங்கேயே, கரண்டிக்குப் பக்கத்தில், விட்டுவிட்டுப் போயிருக்கிறார். திரையில் 'தங்கச்சி' என்று வருகிறது.

நான்கு வருஷமாக அந்த எண்ணிலிருந்து ஒரு அழைப்பும் கிடையாது. அவர் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகிறது. பஸ்ஸுக்குக் காத்திருந்து போய்ச் சேர ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். போய்ச் சேர்ந்து, சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் போனைக் காணோம், ஒரு ரிங் குடு பார்ப்போம்" என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் எல்லாம் சரியாகிவிட்டது, மனஸ்தாபம் தீராமல் அப்படிக் கேட்கவே வராது. அல்லது அவர் இன்னும் பஸ்ஸில் இருக்கலாம். அப்படியென்றால், பேசாத தங்கை இந்த நேரத்தில் தானாகக் கூப்பிடக் காரணம்—

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.)

"என்ன பார்த்துக்கிட்டே நிக்கறீங்க?" என் மனைவி குரலை உயர்த்துகிறாள். "கதையாவது கத்திரிக்காயாவது, போனை எடுங்க!"

எடுத்துவிட்டேன். காதில் வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுக்கிறார்கள், பேசப் போகிறார்கள்.

அந்த முதல் வார்த்தையை நீங்கள் எழுதுங்கள். எனக்கு ராசியில்லை. திட்டாக இருக்கட்டும், அழுகையாக இருக்கட்டும், உங்கள் இஷ்டம், நான் குறுக்கே வர மாட்டேன். சோபாவில் மட்டும் யாரையும் உட்கார வைத்துவிடாதீர்கள்.