பொன்னம்மாள் வீட்டுப் பாகற்காய்

1943ஆம் வருடம் ஆடிப் பதினெட்டிலிருந்து கொல்லிமலையில் எதுவும் கசக்கவில்லை. அன்று ஒரே தெருவிலிருந்து மூன்று பிணங்கள் போயின. அடக்கம் முடித்துக் குளித்து வந்தவர்கள் வழக்கம்போல வேப்பிலையைக் கிள்ளி வாயில் போட்டார்கள். அது முருங்கைக்கீரை மாதிரி இருந்தது. மறுநாள் பாகற்காய் வெள்ளரிக்காயாக ருசித்தது. மிளகு விலை ஏறியிருந்ததையும் சாமை சுமாராக விளைந்ததையும் பேசியதுபோலவே ஊரார் இதையும் பேசினார்கள். காரணமும் ரெடியாக வைத்திருந்தார்கள். காய்ச்சலுக்குத் தின்னும் கொயினா மாத்திரையில் போலி வந்ததல்லவா, அதேபோலப் பாகற்காயிலும் போலி வந்துவிட்டதாம். வேப்பமரத்தைக்கூட யாரோ மாற்றி நட்டுவிட்டார்கள் என்று ஒருவர் சத்தியம் செய்தார். தங்கள் நாக்கின் மேலோ மலையின் மேலோ யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மாத்திரைக் கதை இதுதான். யுத்தத்தில் ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு கொயினா வரத்து நின்றுபோனது. மலையில் மலேரியா முறைக்காய்ச்சல் நிற்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், உச்சிப்பொழுதுக்கு, ஆளை நடுக்கிப் போட்டது. அப்போதுதான் தகரப்பெட்டியோடு ஒருவன் ஏறி வந்தான். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பேர் சொன்னான். அரிசிமாவையும் சுண்ணாம்பையும் குமட்டிக்காய்ச் சாற்றில் பிசைந்து உருட்டிய மாத்திரை, அசல் கொயினாவைவிட ஒரு மடங்கு கூடுதலாகவே கசந்தது. பொட்டலம் ஒன்றுக்கு ஒரு படி மிளகு. “நாக்குல வெச்சுப் பாருங்க, கசந்தா அசல்” என்பான். பச்சிலையை நாக்கில் வைத்தே இனம் காணும் மலைக்காரர்களுக்கு அதற்கு மேல் அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. ஆடி வருவதற்குள் நாற்பத்து மூன்று பேர் செத்தார்கள். தகரப்பெட்டிக்காரனை அதன்பின் யாரும் காணவில்லை.

போலிச் சரக்கால் ஏற்பட்ட நஷ்டத்தை ரூபாய் அணாவில் மதிப்பிட்டு வரும்படி சேந்தமங்கலத்திலிருந்து ஜாபர் உசேன் என்ற குமாஸ்தாவை ஆவணியில் அனுப்பினார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற மனிதர். பொட்டலம் அறுநூற்றுப் பதினொன்று, அதற்குண்டான மிளகின் விலை, காய்ச்சலில் படுத்த நாள் ஒவ்வொன்றுக்கும் ஆண்கூலி நாலணா, பெண்கூலி இரண்டரையணா. செத்தவன் பெரியவனானால் இன்னும் எத்தனை வருடம் உழைத்திருப்பான் என்று பெருக்க வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட குழந்தையானால் பூஜ்யம், ஏனென்றால் குழந்தைக்குச் சம்பாத்தியம் இல்லை. இந்த விதியை வகுத்தவர் அவரல்ல. ஆனாலும் முத்து முத்தான கையெழுத்தில் பதினான்கு பூஜ்யம் போட்டிருந்தார். அவர் காய்ச்சலில் விழாமலிருக்க சர்க்கார் முப்பது கொயினா மாத்திரை கொடுத்திருந்தது. அந்த மனிதருக்குக் கசப்பு என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். காலையில் மலைவாழைப்பழத்துக்குள் மாத்திரையை ஒளித்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார்.

மலைக்கு வந்த பதினோராம் நாள் பொன்னம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் புருஷன் ஆனியிலேயே செத்துவிட்டான். அவன் உழைக்காமல் போன இருபத்திரண்டு வருடத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, மூலையில் கம்பளிக்குள் ஆறு வயதுக் கண்ணாயி நடுங்கிக்கொண்டிருந்தாள். கம்பளி குலுங்கக் குலுங்க இவரால் எழுத முடியவில்லை. பையைத் திறந்து ஆறு மாத்திரையை எடுத்து நீட்டினார்.

“இந்தாம்மா, சர்க்கார் கொயினா. நான் தின்னுறதுதான். பாப்பாவுக்கு இப்பவே ஒண்ணு குடு.”

பொன்னம்மாள் ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தாள். “கசக்கலீங்களே சாயபு.”

“அதனால என்னம்மா? குடுத்துப் பாரு.”

“அவங்கப்பனுக்கு என் கையாலதானுங்க இருவது குடுத்தேன். கசந்ததே பொய்யாப் போச்சு, கசக்காதது மெய்யாவுங்களா? இவளுக்கும் நானே குடுக்கட்டுங்களா?”

ஜாபர் உசேன் தானும் பையிலிருந்து ஒன்றை எடுத்து நக்கிப் பார்த்தார். மாவு மாதிரிதான் இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிய மாத்திரை அது. ஆனால் பதினோரு நாளாகப் போலியையே எண்ணிக்கொண்டிருந்த மனிதருக்குத் தன் பையின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. வற்புறுத்தவில்லை. பொன்னம்மாள் ஐந்தைத் திருப்பிக் கொடுத்தாள். எச்சில்பட்டதைத் திருப்பித் தரக்கூடாது என்பதால் ஆறாவதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை அவர் மலையிறங்கினார். அடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தபோது வாழைப்பழம் தீர்ந்துபோயிருந்தது. மாவுதானே என்று ஒரு மாத்திரையை அப்படியே வாயில் போட்டார். கசப்பு நாக்கைப் பிடுங்கியது. இன்னொன்றைப் போட்டார், அதுவும் கசந்தது. குறை மாத்திரையில் இல்லை, மலையில் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த வழியே ஓடினார். அரைநாள் ஏற்றம். அடுத்த முறைக்காய்ச்சலுக்கு இன்னும் ஒரு பொழுது இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஏறினார். கண்ணாயிக்கு அடுத்த முறை வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

பொன்னம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள். “அந்த மாத்திரை நெசந்தானுங்களா சாயபு?”

ஜாபர் உசேன் வாழ்நாளில் ஒரு தம்பிடி கூடக் குறைய எழுதியவரில்லை. “அதுவும் மாவுதாம்மா” என்றார். பிறகு வேலி ஓரமாகப் போய் நின்று அழுதார்.

ஆனால் மற்றவர்களுக்கு உண்மையைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மலையில் கசப்பு இல்லை, மாத்திரையைக் காரவள்ளிக்குக் கொண்டுபோய் நாக்கில் வைத்துப் பாருங்கள் என்று ஊர்ப்பெரியவர் காளியண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் எழுதிய மதிப்பீட்டில் கண்ணாயி பேருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. மேலதிகாரி சிவப்பு மையில் பூஜ்யம் போட்டு நிரப்பிக்கொண்டார். அடுத்த மாதம் சர்க்கார் கொயினா டப்பா டப்பாவாக வந்தது. ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு மாத்திரையோடு ஒருவர் காரவள்ளிக்கு இறங்கி, கசப்பைப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். அதற்குப் பிறகுதான் ஊரார் விழுங்கினார்கள். சாவு குறைந்தது.

புரட்டாசியில் ஒருநாள் பொன்னம்மாளும் தனியாக இறங்கினாள். புளியமரத்தடியில் முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ வாயில் போட்டவள், வாயை மூடிக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள் என்றும், துப்பவே இல்லை என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் அவள் ஆக்கிய பாகற்காயை ருசி பார்த்த பக்கத்து வீட்டுக்காரி முகத்தைச் சுளித்தாள். அந்த வீட்டுக்குள் மட்டும் பாகற்காய் கசந்தது. அதே துண்டை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து தின்றால் வெள்ளரிக்காய்தான்.

மறு வருடம் தையில், மாத்திரையைச் சோதிக்க நடந்த கூலியையும் நஷ்டத்தில் சேர்க்கச் சொல்லி ஜாபர் உசேனை மறுபடி அனுப்பினார்கள். ஐப்பசியிலிருந்து யாரும் காரவள்ளிக்கு இறங்கவில்லையே, ஏன் என்று காளியண்ணனைக் கேட்டார்.

“பொன்னம்மா ஊட்டுலயே மாத்திரை கசக்குதுங்களே. அப்புறம் எதுக்குங்க அத்தனை தூரம்?”

ஐப்பசியிலிருந்து செலவு இல்லை என்று எழுதிக்கொண்டு ஜாபர் உசேன் அந்த வீட்டுக்குப் போனார். பொன்னம்மாள் களியும் பாகற்காய்க் கறியும் வைத்தாள். அவளாகவே சொன்னாள். “அந்த மாத்திரைய நானும் கீழ கொண்டு போய்ப் பாத்தனுங்க சாயபு. நீங்க சொன்ன மாதிரியே மாவுதானுங்க.”

அவர் கறியை எடுத்து வாயில் வைத்தார். கசந்தது. நிமிர்ந்து பார்த்தார். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாபர் உசேன் இலையில் இருந்ததை ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்றார்.

“இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?”

“வையும்மா” என்றார்.