நீலம் கலந்த சுண்ணாம்பு

சித்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சந்தில், ஒரு பழைய மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். நான், என் கணவர் ஜீவரத்தினம், எங்கள் ஒரே மகள் ஜெயகுமாரி. நான் மிஷன் பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். அவர் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். முன்பு கண்டக்டராக இருந்தவர். காளஹஸ்தி பக்கம் ஃபுட்போர்டிலிருந்து விழுந்து வலது கால் முறிந்து, கோணலாகவே சேர்ந்துகொண்டது. அதன் பிறகு கம்பெனி அவரை ஸ்டாண்டிலேயே உட்கார வைத்தது. விடியும் முன்னே திருப்பதிக்குப் போகும் முதல் பஸ்ஸை விசில் ஊதி அனுப்புவது அவர் பொறுப்பு. வீட்டிலிருந்து சந்து முனை வரைக்கும் போனால் வேலைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம்தான் அவரால் சிரமமில்லாமல் போக முடிந்தது.

ஜெயகுமாரி அப்போது எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். பாஸ் செய்ததும் திருப்பதியில் பெண்கள் கல்லூரியில் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "என்னை முதல் பஸ்ல ஏத்திட்டு நீயே விசில் ஊதணும் நைனா" என்பாள். "டிக்கெட் எடுத்தாதான் ஊதுவேன்" என்பார் அவர்.

ஸ்டாண்டில் பஸ்கள் பின்னால் வந்து திரும்பும்போதெல்லாம் எங்கள் அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். பழகிப்போயிருந்தது. சுவரில் விரிசல் கண்டதும் அப்படித்தான் பழகியது. ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாசம் அடுத்த தெருவில் இதே மாதிரி மண் சாந்தில் கட்டிய வீடு ஒன்று விழுந்து, உள்ளே படுத்திருந்த பெரியவர் ஒருவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் முனிசிபாலிட்டி விழித்துக்கொண்டது. பழைய வீடுகளையெல்லாம் பார்வையிடுவது, தகுதியில்லாத வீட்டுக்குப் பூட்டுப் போடுவது, அங்கே குடியிருந்தவர்களுக்கு வேலூர் ரோட்டில் புதிதாகக் கட்டிய காலனியில் வீடு கொடுப்பது என்று முடிவாயிற்று.

காலனியை நாங்கள் மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜட்கா பிடித்துப் போய்ப் பார்த்தோம். வீடுகளைக் குறை சொல்ல முடியாது. சிமெண்ட் தரை, கம்பி போட்ட ஜன்னல், பின்புறம் கக்கூஸ். ஜெயகுமாரி ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடிப் பார்த்தாள். ஊரிலிருந்து நாலு மைல் என்பதுதான் குறை. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே வேலூர் பஸ் ஒன்று காலனி வாசலைத் தாண்டிப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

"இதுல வரலாமே நைனா" என்றாள் அவள்.

"நிக்கமாட்டான். இந்தப் பக்கம் ஆந்திரா, அந்தப் பக்கம் மதராஸ். நடுவுல ஆள் ஏத்தி எறக்கக் கூடாதுன்னு பர்மிட்லயே போட்டிருக்கு. ஊர்லயிருந்து காலனிக்குன்னு தனி பஸ் உட்டாதான் உண்டு."

"எப்ப உடுவாங்க?"

"எல்லை முடியட்டும்னு சொல்லிக்கினு இருக்காங்க. நாம எந்த ராஜ்ஜியம்னு தெரிஞ்சப்புறம்தானே நம்ம பஸ் எந்த ராஜ்ஜியம்னு தெரியும்."

ஆந்திரா பிரிந்த நாளிலிருந்து சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு என்ற பேச்சு ஓயவே இல்லை. எந்த ஆபீசில் எதைக் கேட்டாலும் எல்லை முடியட்டும் என்பதே பதில். பஸ் விண்ணப்பமும் அப்படித்தான் கிடந்தது.

எங்கள் சந்தைப் பார்வையிட வந்தவர் கோவர்த்தனன் என்ற ஓவர்சியர். திருத்தணிக்காரர். சுவரைத் தட்டிப் பார்த்தார், மேலே ஏறிப் பார்த்தார். பிறகு விரல் நீளக் கண்ணாடித் துண்டுகளை எடுத்து, விரிசலின் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசி ஒட்டினார். மாடிப்படி ஓரத்தில் ஒன்று, எங்கள் பின் அறையில் பரணுக்கு மேலே ஒன்று.

மாடியில் குடியிருந்த செல்லியம்மா ஸ்டாண்டில் இட்லி விற்பவள். கூடையை இடுப்பில் வைத்தபடி நின்று பார்த்தாள்.

"இன்னா சார், சுவத்துக்குக் கண்ணாடி மாட்டறீங்க? பொட்டு வச்சிக்குமா?"

"சுவரு நவுருதான்னு பாக்கறதுக்கும்மா. நவுந்தா கண்ணாடி உடையும். உடஞ்சா அன்னிக்கே எல்லாரும் காலி பண்ணணும். நானே வந்து பூட்டிடுவேன்."

"பூட்டிட்டு? காலனிக்குப் போயி நான் யாருக்கு இட்லி விக்கறது, நரிக்கா?"

அவர் சிரித்துக்கொண்டே ஜெயகுமாரியைப் பார்த்தார். "பரண் மேல ஏறிப் பாக்க உன்னாலதான் முடியும் பாப்பா. அடிக்கடி பாரு. கீறல் உழுந்தாகூட ஆபீசுக்கு வந்து சொல்லு."

"சரிங்க சார்" என்றாள்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. ஜெயகுமாரி வாரம் ஒரு முறையாவது விளக்கை எடுத்துக்கொண்டு பரணில் ஏறுவாள். "அப்படியேதான் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு இறங்குவாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது எங்கள் சபையில் யாரும் விடாத வழக்கம். போதகர் வீடு வீடாக வந்து ஜெபம் செய்வார். அழுக்குச் சுவரை வைத்துக்கொண்டு அவரை யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். வாடகை வீடு, இடியப்போகும் வீடு என்பதெல்லாம் கணக்கில்லை. வருஷா வருஷம் ஆள் வைத்துத்தான் அடிப்போம். அந்த வருஷம் என் கணவர் தானே அடிப்பதாகச் சொன்னார்.

"அந்தக் காலோட பெஞ்சி மேல ஏறப் போறீங்களா?"

"அவன் நீலம் கம்மியா போடறான் கிருபா. சுவரு மஞ்சளாத் தெரியுது."

நீலம் நிறையவே கலந்திருந்தார். அவர் அடித்துக்கொண்டு வர, ஜெயகுமாரி கீழே சுண்ணாம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தாள். எப்போதும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டிருக்கும் இருவரும் அன்றைக்குப் பேசவே இல்லை. அவள் பின்னலெல்லாம் சுண்ணாம்புத் துளி. "கிழவியாட்டம் இருக்கடி" என்று நான் சொன்னதற்கும் அவள் சிரிக்கவில்லை. பின் அறையைக் கடைசியாக அடித்தார். பரணுக்கு மேலே இரண்டு பூச்சு.

பண்டிகை முடிந்ததும் அவள் பாயையும் புத்தகங்களையும் முன் அறைக்கு எடுத்து வந்துவிட்டாள். பின் அறையில் சுண்ணாம்பு நெடியால் தலை வலிக்கிறது என்றாள். நெடி எத்தனை நாளைக்கு இருக்கும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஜனவரியில் கோவர்த்தனன் வந்தார். மாடிப்படி ஓரக் கண்ணாடி கீறல் இல்லாமல் இருந்தது. பின் அறைக்கு வந்து பரணுக்கு மேலே பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"கண்ணாடி மேலயே அடிச்சிட்டீங்களே சார். எதைப் பாக்கறது நானு?"

"பண்டிகை அவசரம் சார். கவனிக்கல" என்றார் என் கணவர்.

"பாப்பா, அடிக்கறதுக்கு முன்னாடி பாத்தியா? உடையலையே?"

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "இல்லீங்க சார்" என்றாள்.

"அடுத்த வாரம் ஆள அனுப்பிச் சுரண்டச் சொல்றேன்" என்று கிளம்பினார். ஆள் வரவில்லை. திருத்தணி மதராஸுக்குப் போவது உறுதியாகி, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவரைப் போன்றவர்களிடம் விருப்பம் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. பெண்டாட்டி பிள்ளைகள், நிலம் எல்லாம் அவருக்குத் திருத்தணியில்தான். ஏப்ரலில் எல்லை முடிந்தது. திருத்தணி அங்கே போயிற்று, சித்தூர் இங்கேயே இருந்தது, கோவர்த்தனன் ஊருக்குப் போனார். ஸ்டாண்டில் என் கணவரிடம்தான் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாராம். காலனிக்கு மட்டும் பஸ் வரவில்லை. முதலில் புது மேப் வரட்டும் என்றார்கள், பிறகு புது அதிகாரி வரட்டும் என்றார்கள்.

ஜெயகுமாரி பாஸ் செய்தாள். ஹாஸ்டலில் அந்த வருஷம் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனாள்.

மழைக்கு முன்னால் புது ஓவர்சியர் வந்தார். கடப்பைப் பக்கத்துக்காரர், மரியாதையானவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். மாடிப்படிக் கண்ணாடியைப் பார்த்தார். பின் அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "கோட பாகுந்தி கதண்டி" என்றார். சுவர் நன்றாகத்தானே இருக்கிறது என்று. என் கணவர் தலையாட்டினார். ஜெயகுமாரி அப்போது வீட்டில் இல்லை.

நவம்பரில் புயல் மழை. இரண்டு நாளாக விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலையில் மழை விட்டு லேசாக வெயில்கூட வந்தது. நான் முன் அறையில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். வகுப்புக்குப் போட்டுக்கொள்ளக் காய்ந்த துணி எடுக்க ஜெயகுமாரி பின் அறைக்குப் போனாள். "அம்மா, இந்தத் தாவணியும் ஈரமா இருக்கு" என்று அவள் சொன்னது கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் அந்த அறையே இல்லை. இடிந்த சத்தம் எனக்கு நினைவில் இல்லை. செல்லியம்மா கத்தியதும், புகை மாதிரி எழும்பிய மண்ணும்தான் நினைவிருக்கிறது. செல்லியம்மா முன்பக்கம் நின்றிருந்ததால் தப்பினாள். அவர் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்த பிறகு ஒரு நாள், மண்ணை வாரிக்கொண்டிருந்த முனிசிபாலிட்டி ஆட்கள் அவளுடைய டிரங்குப் பெட்டியைக் கொடுத்தார்கள். அதன் நசுங்கிய மூடியில் சுவரின் பூச்சு ஒரு கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் கண்ணாடித் துண்டு பாதி பதிந்திருந்தது. ஒரு முனையில் சிமெண்ட். மறுமுனை உடைந்த விளிம்பு. அந்த விளிம்பின் மேலே நீலம் கலந்த சுண்ணாம்பு வழிந்து கெட்டியாகிக் காய்ந்திருந்தது. வீடு விழுந்தபோது உடைந்திருந்தால் உடைந்த இடம் வெறும் கண்ணாடியாக இருந்திருக்கும்.

எங்களுக்கு உடனே காலனியில் வீடு கொடுத்துவிட்டார்கள். நாங்கள் பார்த்துவிட்டு வந்த வரிசையிலேயே. ஒரு மத்தியானம் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அந்தத் துண்டை அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாப்பாதான் மொதல்ல பாத்தா" என்றார். "பண்டிகைக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப. உடஞ்சிருக்கு நைனான்னு வந்து சொன்னா. பஸ் வர்ற வரைக்கும் யாருக்கும் சொல்லாதம்மான்னேன். நாலு மைல் நடந்து வந்து இருட்டுல மொத பஸ்ஸ எப்படி அனுப்புவேன்? வேல போயிட்டா அவள எப்படித் திருப்பதிக்கு அனுப்புவேன்? எல்லை முடிஞ்சா பஸ் உட்டுடுவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க."

"எங்கிட்டகூடச் சொல்லலையே."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே மூட்டை கட்டிடும்னா. சொல்லிட்டுச் சிரிச்சா."

அவள் சொன்னது சரி. கட்டியிருப்பேன்.

"ஏப்ரல்ல எல்லை முடிஞ்சிச்சே?"

"முடிஞ்சிச்சி. பஸ் வரல. மழைக்கு முன்னாடி சொல்லிடலாம்னு இருந்தேன். அப்ப அந்த ஆளு வந்து சுவரத் தடவிப் பாத்து நல்லா இருக்குன்னுட்டான். ஒருவேள நல்லாத்தான் இருக்கோன்னு நெனச்சிட்டேன் கிருபா."

அன்று சாயங்காலமே கண்ணாடித் துண்டைக் காலனிக் கிணற்றில் போட்டேன். பிள்ளைகள் தண்ணீர் இறைக்கும் கிணறாயிற்றே என்று அப்புறம்தான் உறைத்தது.

கம்பெனி முதலாளி துக்கம் விசாரிக்க வந்தார். முதல் பஸ்ஸுக்கு வேறு ஆள் போடுவதாகவும், இனிமேல் பத்து மணிக்கு வந்தால் போதும் என்றும் சொன்னார். "முன்னயே கேட்டிருந்தா அப்பவே மாத்தியிருப்பேனே ஜீவரத்தினம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். இவர் வாசல்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருந்த சந்தைப் போலவே இன்னும் சில சந்துகளைக் காலி செய்ததில் காலனி நிரம்பிவிட்டது. கூட்டம் சேர்ந்ததும் பெரிய மனிதர்கள் பஸ் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மாசி மாசத்தில் பஸ் வந்தது. மாவிலை கட்டி, தேங்காய் உடைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே ஸ்டாப்பிங். செல்லியம்மா கூடையோடு அதில்தான் ஸ்டாண்டுக்குப் போய் வந்தாள்.

நானும் பள்ளிக்கு அதில்தான் போனேன். அவர் ஏறவில்லை. விடிந்ததும் ஒரு தம்ளர் காப்பி குடித்துவிட்டு, தடியை ஊன்றி ஸ்டாண்டுக்கு நடக்கத் தொடங்குவார். நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், செல்லியம்மா ஒரு தடவை சண்டையே போட்டாள். அவர் தடியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். சாகும் வருஷம் வரை நடந்தார்.

வழியில் மாந்தோப்பு முடியும் இடத்தில் பஸ் அவரைத் தாண்டும். கண்டக்டருக்கு அவரைத் தெரியும் என்பதால் ஆரம்பத்தில் மணி அடித்து மெதுவாகப் போகச் சொல்வான். பிறகு அவனும் விட்டுவிட்டான். பஸ் சத்தம் கேட்டதும் அவர் ரோட்டோரம் ஒதுங்கி நிற்பார். தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைக்கடிகாரத்தைத் தூக்கி மணி பார்ப்பார். பஸ் தாண்டிப் போகும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.