ஹெஸ்டர் போன பாலம்

துணியை விலக்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஹெஸ்டரின் பாதம்தான். ஒரு காலில் காலணி இருந்தது. மறுகால் வெறுமையாக, சுருங்கி வெளுத்திருந்தது. விடுதியின் குதிரைக் கொட்டிலில், கழற்றிய கதவொன்றின் மேல் அவளைக் கிடத்தியிருந்தார்கள். சாவை விசாரிக்கும் ஜூரிகள் பன்னிரண்டு பேரும் உடலைப் பார்த்தே ஆகவேண்டும், அதுதான் சட்டம். செவர்ன் ஆற்றோரத்து எங்கள் ஊரின் தச்சன் ஜோப் டிரான்டர் ஆகிய நானும் அவர்களில் ஒருவன். திங்கட்கிழமை மாலை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவள். புதன்கிழமை அவள் உதட்டோரம் பாசி ஒட்டியிருந்தது.

விடுதி மாடியில் விசாரணை தொடங்கியது. ஜார்ஜ் மன்னர் பெயரால் சத்தியம் செய்து உட்கார்ந்தோம். விசாரணை அதிகாரி லாக்ஸ்லி, ஷ்ரூஸ்பரியிலிருந்து குதிரையில் வந்தவர், இறகுப் பேனாவைச் சீவிக்கொண்டே கேள்வி கேட்டார். செவ்வாய் மதியம் ஆலைக் குளத்தில் உடல் மிதந்ததை ஆலைக்காரன் சொன்னான். ஹெஸ்டரின் புருஷன் சைலஸ் மூலையில் நின்று தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தான்.

பக்கத்திலிருந்த குடியானவன் ஒபதியா என் காதில் கிசுகிசுத்தான். "மாசியில குழந்தைய பறிகொடுத்ததுலேருந்து அவ ஆளே சரியில்லப்பா. தானா விழுந்திருப்பா. எழுதிட்டு எந்திரிப்போம், பசிக்குது."

தற்கொலை என்று எழுதினால் தேவாலயத் தோட்டத்தில், குழந்தைக்குப் பக்கத்தில், அவளுக்கு இடமில்லை. நாற்சந்தியில் குழி, நெஞ்சில் கழி.

அண்டை வீட்டு டார்கஸ் சாட்சி சொல்ல வந்தாள்.

"செவ்வாய்க்கிழமை விடிஞ்சதும் துணிக் கூடையோட போனாங்க ஐயா. பலகைப் பாலத்துப் பக்கம். ஒரே மூடுபனி, அதுக்கப்புறம் ஆளே தெரியல."

"கால் தவறியிருக்குமோ?" என்றார் லாக்ஸ்லி.

"எப்படிங்க? அதுலதான் கைப்பிடி இருக்கே. நாங்க கண்ண மூடிக்கிட்டுப் போவோம்."

ஒபதியா தலையாட்டினான். லாக்ஸ்லியின் பேனா மையைத் தொட்டது.

அந்தக் கைப்பிடி என் பட்டறையில் கிடந்தது. உளுத்துப்போனதென்று திங்கட்கிழமை பொழுது சாயும்போது நான்தான் கழற்றினேன். காலையில் புதிதை மாட்டலாம் என்று நினைத்தேன். காலையில் பண்ணைக்காரர் வாசல் கதவைச் சரிசெய்யக் கூப்பிட்டார், போய்விட்டேன். ஆலைக் குளம் என்றே எல்லோரும் சொன்னதால், பாலத்தில் விழுந்தாலும் நீரோட்டம் அங்கேதான் கொண்டு சேர்க்கும் என்ற நினைப்பே இந்த நிமிஷம்வரை எனக்கு வரவில்லை. பழக்கத்தில் அவள் கை பக்கவாட்டில் நீண்டிருக்கும். அங்கே ஒன்றுமில்லை.

எழுந்தேன். முழங்கால் மேசையில் இடித்தது.

"கைப்பிடி இல்லீங்க," என்றேன். "நான் எடுத்துட்டேன்."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். லாக்ஸ்லி பேனாவைக் கீழே வைத்தார்.

"சட்டத்துல இதுக்குப் பேர் கிடையாது, தச்சரே. உக்காருங்க."

தற்செயலாக நீரில் மூழ்கி மரணம். பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டோம். என் பெயர் எனக்கே படிக்க முடியாதபடி கோணியிருந்தது.

முற்றத்தில் சைலஸ் காத்திருந்தான். அடிப்பான் என்று நின்றேன். அடித்திருக்கலாம்.

"சவப்பெட்டிய நீதான் செய்யணும்," என்றான். "வேற யாரு இருக்கா இந்த ஊர்ல. அவ உயரம் சொல்றேன், கேட்டுக்க."

உள்ளங்கையைக் கவிழ்த்து, தன் மோவாய்க்குச் சற்றுக் கீழே காற்றில் வைத்தான். நான் தலையசைத்த பிறகும் அவன் அந்தக் கையை இறக்கவில்லை.